அவர் ஏன் கோட்டையை விட்டு வெளியே வந்தார்?

உங்கள் முதல் போர்க்களத்தை நேற்று பெரிய திரையில் பார்த்தேன். மீசைகள் நன்றாக இருந்தன. ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி முறுக்கு. குதிரைகளின் நெற்றியில் தொங்கிய குஞ்சம்கூடக் காற்றில் ஆடியது. போர்தான் எங்கேயும் தென்படவில்லை.

கோபம் வந்தால் வரட்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று எம்.டி. கூப்பிட்டிருக்கிறார். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் வேலை போர் விளையாட்டுக்குக் களம் அமைப்பது. கணினித் திரையில் அறுகோணக் கட்டங்களாக ஒரு நிலம். அதில் இரண்டு தரப்புப் படைகள். இத்தனை சுற்றுக்குள் இதைச் செய்தால் வெற்றி என்று விதிகள். நடந்து முடிந்த ஒரு சண்டையை எடுத்து இந்த மூன்றுக்குள் அடக்கினால் அதற்குப் பெயர் சினாரியோ. பெட்டியின் மேல் ‘வரலாற்றுத் துல்லியத்துடன்’ என்று அச்சடித்துவிட்டால் துல்லியம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அவர்களில் சிலரிடம் நான் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

அப்போது நம் அலுவலகம் கே.கே. நகரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மேல்மாடியில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தென்னிந்தியப் போர் ஒன்று வேண்டும் என்று கேட்டது. எழுமலைப் பக்கத்துச் சமவெளியில் ஒரு பாளையக்காரரின் மண்கோட்டையைக் கும்பினிப் படை முற்றுகையிட்ட கதையை எம்.டி. தேர்ந்தெடுத்தார். பாளையக்காரரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ‘எங்கள் பாட்டனார்’ என்று நான்கு சங்கங்கள் நான்கு நிறக் கொடியோடு வந்து நிற்கும். பிறகு அவர்களுக்குள் நடக்கும் சண்டைக்கும் நாம்தான் சினாரியோ போட வேண்டியிருக்கும்.

வேலையை என்னிடம் கொடுத்ததற்கு எம்.டி. ஒரு காரணம் வைத்திருந்தார். என் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். யார் பாட்டனார் பெரியவர் என்ற போட்டியில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பங்கு கிடையாது. “உங்களுக்குன்னா பிரச்சினை வராது மேடம்” என்றார். தொழிலில் நான் கெட்டிக்காரி என்பது அவருக்கு இரண்டாவது காரணமாகக்கூடத் தோன்றவில்லை.

அந்தப் போரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை மூன்றுதான். முற்றுகையின் நடுவில் பாளையக்காரர் கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு வெட்டவெளிக்கு வந்து மோதித் தோற்றார். சுற்றியிருந்த ஊர்களில் கும்பினிப் படை தீ வைத்தது. கடைசியில் அவர்கள் கோட்டைக்குள் ஏறியபோது மதில் மேல் ஆட்கள் சொற்பமாகவே இருந்தார்கள். கும்பினிக்காரர்கள் எழுதி வைத்தது இவ்வளவே. மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

நிலத்தை வரைந்தேன். கண்மாய், கரிசல், மேட்டு நிலம், மழை வந்தால் பீரங்கி வண்டியின் மாடுகள் சேற்றில் சிக்கும் இடங்கள் எல்லாம் சேர்த்தேன். ஆட்களைப் பிரித்தேன். நம் புரோகிராமர் செல்வம் அதை ஓடவைத்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன், இன்ஜினியரிங் படித்தவன், அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு வார்த்தையை எடுக்கவோ சேர்க்கவோ முடியாது. ஆட்டத்தைச் சோதிக்க ஆட்களை உட்கார வைத்தோம்.

பாளையக்காரராக விளையாடிய எல்லோரும் ஒன்றையே செய்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். கும்பினிப் படை சுட்டுப் பார்த்தது, ஊர்களைக் கொளுத்தியது, மழை வந்தது, பீரங்கிகள் சேற்றில் புதைந்தன, வெடிமருந்து தீர்ந்தது, திரும்பிப் போனது. பாளையக்காரருக்கு வெற்றி. ஒவ்வொரு தடவையும்.

எம்.டி.க்குத் தாங்க முடியாத சந்தோஷம். “நம்ம ஆளு ஜெயிக்கிறாரு மேடம். இப்படியே விட்ருங்க.”

“நெசத்துல அவரு வெளிய வந்தாரு சார். இங்க ஒருத்தர்கூட வரலையே.”

“அதனால என்ன?”

அதனால் என்ன என்று கேட்கிறவருக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன். செத்துப்போன ஒரு மனிதர் செய்ததை உங்கள் விளையாட்டில் யாருமே செய்யவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அவர் மூளையில்லாதவராக இருந்திருக்க வேண்டும், அல்லது அவர் கண்ணுக்குத் தெரிந்த எதையோ நீங்கள் களத்தில் வைக்காமல் விட்டிருக்க வேண்டும். ஊரைக் கட்டி ஆண்டவருக்கு மூளையில்லை என்பதைவிட, ஏ.சி. அறையில் காபி குடித்துக்கொண்டு வரைந்தவர்கள் எதையோ விட்டுவிட்டார்கள் என்பது நம்பத்தகுந்தது. ஆனால் நம் தொழிலில் முதல் முடிவுக்குத்தான் எல்லோரும் முதலில் பாய்வார்கள்.

எங்களுக்கு ஒரு வரலாற்று ஆலோசகர் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து தலைப்பாகையின் நிறத்தைத் திருத்திவிட்டுப் போவார். அவரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

“வீரம் மேடம். முரசு கேட்டா நம்ம ஆளுகளால உள்ள உக்கார முடியாது. ‘வீரம்’னு ஒரு ரூல் போடுங்க. மூணாவது சுத்துல முரசு அடிக்குது, ஆட்டோமேட்டிக்கா கதவு தொறக்குது, எல்லாரும் வெளிய வாராங்க.”

அதாவது, மனிதருடைய மூளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முரசை வைக்கச் சொன்னார். அதற்குப் பெயர் பெருமை.

“அப்படின்னா வெளையாடுறவன் எதுக்கு சார்? முரசே வெளையாடிக்கிருமே.”

“உங்களுக்கு இது புரியாது மேடம். இந்த மண்ணோட ரத்தம் வேற. நீங்க வெளியில இருந்து வந்தவங்க.”

“நாங்க வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு சார். நீங்க குடுத்த மீசை டிசைன் போன வருசம் வந்த படத்துல இருந்து வந்திருக்கு.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேலை சற்று வேகமாக நடந்தது.

நானும் செல்வமும் உசிலம்பட்டி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனோம். கோட்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. கருவேலம் மண்டிய ஒரு மேடு. மேலே ஏறி நின்றோம். சுற்றிலும் தட்டை நிலம், மூன்று திசையிலும் ஊர்கள். தண்ணீர்த் தொட்டி, கோயில் சுவர், யார் வீட்டு மாடியிலோ காயும் துணி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆலோசகர் இங்கே வந்து ஒரு ட்ரோன் படம் எடுத்துக் கொடுத்திருந்தார். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் இது எதுவும் தெரியவில்லை. பாளையக்காரர் ட்ரோனில் உட்கார்ந்து சண்டை போடவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

செல்வம் மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான். “அக்கா, மதில்ல நின்னது யாரு?”

“பாதிப் பேரு அவரோட சொந்தக்காரங்க. மீதிப் பேரு பண்ணையாளுக. வயல்ல வேலை பாத்தவங்க.”

“அவங்க குடும்பமெல்லாம் கோட்டைக்குள்ள இருந்துச்சா?”

“அவங்களை யாரு உள்ள விட்டா?”

“அப்ப அந்தா தெரியுதே, அங்கன இருந்திருக்கும்.” கையை நீட்டிக் காட்டினான். “எரிஞ்சா இங்க நின்னு பாத்தாலே தெரியும். எங்க வீடு எரிஞ்சா, நான் இங்க நின்னு யாரு கோட்டையக்கா காப்பேன்?”

மூன்று விஷயங்களும் அந்த மேட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. ஊர் எரிகிறது. மதிலில் நிற்பவன் இறங்கித் தன் வீட்டைப் பார்க்கப் போகிறான். மதில் காலியாகிறது. இதைத் தடுக்க வேண்டுமானால் பாளையக்காரர் ஊர் எரிவதைத் தடுக்க வேண்டும். அதற்கு அவர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். முரசும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். ஒரு மனிதர் கணக்காக யோசித்து, இருப்பதில் குறைந்த கெடுதலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

திரும்பி வந்து விதியை எழுதினேன். வெளியே ஓர் ஊர் எரிந்தால், அந்த ஊர்ப் பண்ணையாட்கள் மதிலை விட்டு இறங்கிவிடுவார்கள். அவ்வளவுதான். அடுத்த நாளே சோதனைக்கு உட்கார்ந்தவர்கள், யாரும் சொல்லாமலே, கதவைத் திறந்து வெளியே வரத் தொடங்கினார்கள். பலர் தோற்றார்கள். சிலர் ஜெயித்தார்கள். எல்லோரும் நகத்தைக் கடித்தார்கள். விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த விதி எங்கள் ஊகம், ஆவணத்தில் இல்லை. அந்த வரியை எடுத்துவிடலாமே, பலவீனமாகத் தெரிகிறதே என்று எம்.டி. சொன்னார். ஊகத்தை ஊகம் என்று சொல்வது பலவீனமாகத் தெரிகிற ஆட்களால்தான் இந்த நாட்டில் இத்தனை சிலைகள் நிற்கின்றன.

இதற்குள் தமிழ்ப் பதிப்புக்கு ஒரு புரவலரைப் பிடித்திருந்தார் எம்.டி. வாடிப்பட்டியில் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருந்தவர். அந்தப் பாளையக்காரர் தன் பாட்டனாரின் பாட்டனார் என்று சொல்லிக்கொள்பவர். அவர் மண்டபத்திலேயே வெளியீடு, அவரே மேடையில் உட்கார்ந்து பாட்டனாராக விளையாடிக் காட்டுவார் என்று ஏற்பாடு. அவர் கைவிட்டால் தமிழ்ப் பதிப்பு கிடையாது. தமிழ்ப் பதிப்பு இல்லாவிட்டால் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகும். செல்வத்தின் நாற்காலிதான் முதலில்.

என் விதியைப் பற்றிய செய்தியை ஆலோசகர் அவரிடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வெளியீட்டு நாள் காலையில், மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, எம்.டி. செல்வத்தின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வரவேற்பு வாசலுக்கு ஓடினார். செல்வம் லேப்டாப்பை மூடாமல் என்னிடம் வந்தான்.

“அக்கா, ஊரு எரியிற ரூலை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. பண்ணவா?”

“பண்ணாதேன்னு சொன்னா உனக்கு வேலை போகும்.”

“அதத்தேன் நானும் யோசிக்கேன்.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நிறுத்திவிடலாம். புரவலர் உள்ளே உட்கார்ந்து ஜெயிப்பார், மண்டபம் கைதட்டும், நாங்கள் செய்தது பொய் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அல்லது நிறுத்தாமல் சும்மா இருந்துவிடலாம். ஊர்ப் பெரிய மனிதர் மேடையில் அவமானப்படுவார், பழி செல்வத்தின் தலையில் விழும், நான் நேர்மைக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இரண்டாவதைத் துணிச்சல் என்று நினைக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். இன்னொருவன் வேலையைப் பணயம் வைத்துக் காட்டும் துணிச்சல் எனக்கு எப்போதும் அருவருப்பு. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. சம்பந்தப்பட்ட மனிதரிடம் போய்ச் சொல்வது. எம்.டி. அதை ஏன் செய்யவில்லை என்றால், பெரிய மனிதர்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்பதை அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

புரவலர் மணமகன் அறையில் சால்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு ஓடிய எம்.டி.யும் அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தார்.

“ஐயா, வெளையாட உக்காருறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்.”

“சொல்லுங்கம்மா.”

“வெளிய ஊரு எரிஞ்சா மதில்ல நிக்கிற பண்ணையாளுக எறங்கிப் போயிருவாங்கன்னு ஒரு ரூல் இருக்கு. உங்களுக்குப் பிடிக்கலைன்னு இன்னைக்கு அதை நிறுத்தச் சொல்லியிருக்காங்க.”

“நாந்தேன் சொன்னேன். கூலிக்காரங்க போயிருவாங்கன்னு பயந்து எங்க பாட்டன் வெளிய வந்தாருன்னு காட்டுனா நல்லாவா இருக்கு? அதுக்கு ஆதாரம் இருக்காம்மா?”

“இல்லைங்கய்யா. ஊகந்தான். அப்படின்னே எழுதியும் வச்சிருக்கேன். வீரத்துல வந்தாருங்கிறதுக்கும் ஆதாரம் இல்லை. அதை ஊகம்னு யாரும் எழுதி வைக்கலை.”

எம்.டி. தொண்டையைச் செருமினார். புரவலர் அவரைப் பார்க்கவில்லை.

“சரி, நிறுத்திட்டா என்ன ஆகும்?”

“நீங்க ஜெயிச்சிருவீங்க. கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தாப் போதும்.”

“பெறகென்ன?”

“வெளையாடுற ஒவ்வொருத்தனும் ஒன்னு கேப்பான். சும்மா உக்காந்திருந்தாலே ஜெயிச்சிருக்கலாமே, இந்த மனுசன் எதுக்குக் கதவைத் தொறந்துக்கிட்டுப் போயி செத்தாருன்னு. வெளிநாட்டுக்காரனும் கேப்பான், நம்ம ஊருப் பிள்ளைகளும் கேக்கும். ரூலை எடுத்தா உங்க பாட்டனாரு முட்டாளாயிருவாரு. ரூல் இருந்தா தோத்துப்போனவரா இருப்பாரு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

எம்.டி. “மேடம்” என்றார்.

புரவலர் மடியிலிருந்த சால்வையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது என் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. “இருக்கட்டும்” என்றார். “அந்த ரூலு இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

மேடையில் உட்கார்ந்தார். என்ன சொல்லியும் கேட்காமல் முதலில் கதவைச் சாத்திக்கொண்டார். பழக்க தோஷம். வடக்கே இருந்த ஊரில் கும்பினி யூனிட் ஒன்று போய் நின்றது, ஊர் சிவப்பானது. வடக்கு மதிலில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். மண்டபத்தில் சலசலப்பு.

“இவங்க எங்க போறாங்க?” என்றார் புரவலர், மைக் இருப்பதை மறந்து.

செல்வம்தான் பதில் சொன்னான். “வீட்டைப் பாக்கப் போறாங்கய்யா.”

“கூப்பிட்டா வருவாங்களா?”

“வீடு இருந்தா வருவாங்க.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கதவத் தொற.”

வெளியே வந்தார். கிழக்கு ஊரைக் காப்பாற்றினார். அதற்குள் தெற்கு ஊர் எரிந்தது. வெட்டவெளியில் பீரங்கிகளுக்கு முன்னால் அவர் படை கரைந்தது. தோற்றார். யாரும் கைதட்டவில்லை. ஆலோசகர் பதறிப்போய், தயாராக வைத்திருந்த முரசு வீடியோவை ஓடவிட்டார். திரையில் மீசைகள் பறந்தன. நாட்டைக் காப்பாற்ற இப்படியும் சில பேர்.

அன்று தப்பித்தோம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தப்பிக்காமலும் போயிருக்கலாம். அவர் ‘எடுத்துரு’ என்று சொல்லியிருந்தால் எடுத்துத்தான் இருப்போம், பெட்டியில் ‘வரலாற்றுத் துல்லியத்துடன்’ என்ற வரியையும் சேர்த்து எடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருப்பேன், அதில் தோற்றும் இருப்பேன். துல்லியம் என்பது குஞ்சத்தில் இல்லை, தலைப்பாகையின் நிறத்தில் இல்லை. அந்த மனிதர் நின்ற இடத்தில் விளையாடுபவனைக் கொண்டுபோய் நிறுத்தி, அவர் பார்த்ததை மட்டும் காட்டி, இப்போது நீ என்ன செய்வாய் என்று கேட்பதில் இருக்கிறது. நேற்று உங்கள் களத்தில் அந்தக் கேள்வி இல்லை. அதனால்தான் மீசையை மட்டும் பாராட்டினேன்.

வெளியீடு முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் எம்.டி., அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் செல்வம். அவனுக்கு அடுத்த இலையில், யாரும் எதிர்பார்க்காமல், புரவலர் வந்து உட்கார்ந்தார். சாம்பார் வந்ததும் செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“அலங்காநல்லூர்ப் பக்கம்ங்க.”

“அலங்காநல்லூர்ல எந்தப் பக்கம்?”

இங்கே இந்த இரண்டாவது கேள்வி ஊரைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்கிறது. எம்.டி.யின் கை அப்பளத்தில் நின்றது.

செல்வம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “கோட்டைக்கு வெளிய இருந்தோம்லங்கய்யா. அந்தப் பக்கம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். இலையை விட்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் எழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, முதுகிலும் தட்டவில்லை. அப்படியெல்லாம் நடக்கும் என்று உங்களுக்குச் சினிமா சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

“அந்தத் தெக்கு ஊரு” என்றார். “அதைக் காப்பாத்தியிருக்கலாமா?”

“முடியும்ங்க. நீங்க முதல்ல கதவைச் சாத்தாம இருந்திருந்தா.”

“சாத்துனதுக்கப்புறம்?”

செல்வம் யோசித்தான். “குதிரைகளை மட்டும் கண்மாக்கரை வழியா அனுப்பியிருக்கலாம். கஷ்டந்தான்.”

“எந்தப் பக்கமா?” என்று கேட்டுக்கொண்டே புரவலர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு பேருக்கும் நடுவில் மேசையில் வரைந்து காட்ட இடம் விட்டார்.